பைத்தியமும் வைத்தியமும்

நமது கிராமங்களில் ஒருவனுக்குக் கை ஒடிந்தால் அன்றைக்கே கட்டுப்போட ஆள் தேடுகிறார்கள். மாடு தீனி எடுக்காவிட்டால் மறுநாள் விடிவதற்குள் மாட்டு டாக்டருக்கு ஆள் போகிறது. கிணற்று மோட்டார் நின்றுபோனால் சோற்றைப் பாதியில் வைத்துவிட்டு மெக்கானிக்கைக் கூப்பிட ஓடுகிறார்கள். ஆனால் ஒரு மனிதனுடைய அறிவு தடுமாறிப் போய்விட்டால் மாத்திரம் ஆறு மாதம், ஒரு வருஷம், சில வீடுகளில் பத்து வருஷம்கூட டாக்டர் என்கின்ற ஒருவரிடம் அழைத்துப் போகாமலேயே கழித்துவிடுகிறார்கள். மாட்டுக்கும் மோட்டாருக்கும் உள்ள அவசரம் பெற்ற பிள்ளைக்கு இல்லாமற்போனதற்குக் காரணம் என்ன? பெற்றோருக்கு அன்பில்லையா என்றால், அன்புக்கு ஒரு குறைவுமில்லை. நகையை விற்றும் நிலத்தை அடமானம் வைத்தும் செலவு செய்கிறார்கள். ஆனால் அந்தப் பணம் போய்ச்சேருகிற இடம் வேறு. போகவேண்டிய இடம் வேறு. இந்த ஒரு விஷயத்தைப் பற்றியே இன்று சில வார்த்தைகள் எழுத முன்வந்திருக்கிறோம்.

முதலாவது, நோய் இன்னதென்று தெரிந்துகொள்ள வேண்டும். யாரும் பேசாதபோது காதில் பேச்சுக் கேட்பது, அந்தப் பேச்சுக்குத் தனியாய் நின்று பதில் சொல்லுவது, சோற்றில் விஷம் வைத்துவிட்டார்கள் என்று பெற்ற தாயையே சந்தேகிப்பது, ஊரெல்லாம் கூடித் தன்னைக் கொல்லச் சதி செய்வதாய் நினைப்பது, இரவெல்லாம் தூங்காமலிருப்பது, குளிப்பது உடுப்பதுகூட வேண்டாமென்று மூலையில் உட்கார்ந்துவிடுவது ஆகிய குறிகள் கொண்ட நோயைத்தான் ஜனங்கள் பைத்தியம் என்றும், சித்தப்பிரமை என்றும், டாக்டர்கள் மனச்சிதைவு முதலிய பெயர்களாலும் சொல்லுகிறார்கள். இது பெரும்பாலும் பதினாறு வயதுக்கும் முப்பது வயதுக்கும் இடையில், அதாவது படிக்கிற காலத்தில், உழைக்கிற காலத்தில், குடும்பம் தலையெடுக்க வேண்டிய காலத்தில் வந்து சேருகிறது. கிழவனுக்கு வந்த நோயானால் காலம் வீணானாலும் வீணாவது கொஞ்சம். இருபது வயதில் வந்த நோய்க்கு ஒரு வருஷம் வீணாக்கினால் வீணாவது நாற்பது வருஷ வாழ்வாகும்.

இது எங்கோ ஒருவருக்கு வருகின்ற அபூர்வ நோயுமல்ல. பெங்களூர் நிம்ஹான்ஸ் நிலையத்தார் 2015-16ல் இந்தியாவில் 12 மாகாணங்களில் எடுத்த கணக்கின்படி, வயது வந்தவர்கள் 1,000 பேரில் உத்தேசம் 14 பேருக்கு வாழ்நாளில் எப்போதாவது இந்த வகை நோய் வந்திருக்கிறது; கணக்கெடுத்த சமயத்தில் நோயோடிருந்தவர்கள் 1,000க்கு 4 பேர். அந்த 4 பேரில் வைத்தியம் பெறாமலிருந்தவர்கள் எத்தனை பேர் தெரியுமா? நூற்றுக்கு 75க்கு மேல், அதாவது 4 பேரில் 3 பேர். தங்கள் ஊரில் அந்த மூன்று பேர் யார் என்பதை வாசகர்கள் ஒரு நிமிஷம் கண்ணை மூடி யோசித்தால் அவர்களுக்கே தெரிந்துவிடும். சத்திரத்துத் திண்ணையில் இருப்பவன் ஒருவன். பின்கட்டு அறையில் பூட்டி வைக்கப்பட்டிருப்பவள் ஒருத்தி. "அவன் அப்படித்தான்" என்று ஊரார் கைகழுவி விட்டவன் ஒருவன்.

காலம் எப்படிப் போகிறது?

ஒரு குடும்பத்தில் இந்த நோய் தலைகாட்டியது முதல் நடக்கிற காரியங்களை வரிசையாக எண்ணிப் பார்ப்போம். முதல் இரண்டு மாதம் "திமிர்" என்று அடிப்பதிலும், "சோம்பேறி" என்று திட்டுவதிலும் போகிறது. பிறகு பாட்டி "காத்துக் கருப்பு" என்கிறாள், வேப்பிலை அடிக்கப்படுகிறது. அதிலும் தீராவிட்டால் ஜோசியன் ஜாதகத்தை விரித்துச் சனியின் பேரில் பழியைப் போட்டு, இத்தனை மாதம் கழித்துச் சரியாகும் என்று தவணை கொடுக்கிறான். அடுத்தாற்போல் மந்திரவாதி வந்து, இது பங்காளி வைத்த செய்வினை என்கிறான். அதை எடுப்பதற்கு ஒரு கூலி, திருப்பி விடுவதற்கு ஒரு கூலி. பங்காளிகளுக்குள் அன்றுமுதல் ஜென்மப்பகை. அதன்பின் கோவிலில் ஒரு மண்டலம். ஒரு மண்டலம் என்றால் 48 நாள். அதிலும் தீராவிட்டால் இன்னொரு மண்டலம். இவ்வளவும் முடிந்து, பையன் ஒருநாள் கிணற்றில் குதிக்கப் போன பிறகோ, பக்கத்து வீட்டுக்காரனை அடித்துவிட்ட பிறகோதான் "ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ப் பார்க்கலாமா?" என்ற பேச்சே வருகிறது. அதாவது முதலில் போகவேண்டிய இடம் கடைசியில் வைக்கப்படுகிறது. டாக்டரிடம் போகும்போது கையில் பணமுமில்லை, மனதில் நம்பிக்கையுமில்லை, நோயோ முற்றிப்போயிருக்கிறது. பிறகு மருந்து சீக்கிரம் பிடிக்கவில்லையென்றால், "பார்த்தாயா, இது டாக்டருக்குக் கட்டுப்படுகிற வியாதியல்ல" என்று மந்திரவாதியே வந்து வியாக்கியானமும் செய்கிறான்!

தாமதத்தினால் என்ன கெடுதி என்று கேட்கலாம். பல தேசங்களில் நடந்த ஆராய்ச்சிகளைத் தொகுத்துப் பார்த்து 2005ல் வெளியிட்ட முடிவு என்னவென்றால், வைத்தியமில்லாமல் கழிந்த காலம் நீள நீள, பிறகு வைத்தியம் செய்தாலும் கிடைக்கிற குணம் குறைகிறது என்பதேயாகும். அன்றியும் வீட்டுக்காரர்களின் கண்ணுக்கே தெரிகிற கெடுதிகள் வேறு. படிப்பு நின்றுபோகிறது, வேலை போகிறது, சிநேகிதர்கள் விலகுகிறார்கள், கடன் ஏறுகிறது. நோய் பின்னால் தணிந்தாலும் இவைகள் தாமாகத் திரும்பி வருவதில்லை.

இன்னொன்றும் சொல்லவேண்டும். புத்தி தடுமாற்றமாய்த் தெரிகிறதெல்லாம் மனச்சிதைவு என்பதுமில்லை. மூளைக்காய்ச்சலினாலும், குடிப்பழக்கம் உள்ளவன் திடீரென்று குடியை நிறுத்துவதினாலும், வேறு சரீரக் கோளாறுகளினாலும் இதே மாதிரி குறிகள் வரலாம். பிரசவித்த சில நாள்களுக்குள் சில தாய்மார்களுக்கு இப்படி வருவதுண்டு. அது தாய்க்கும் சேய்க்கும் உயிராபத்தான அவசரம். அந்தத் தாயை வேப்பிலையால் அடித்து, "நீ யார், சொல்லு" என்று கேட்டுக்கொண்டிருக்கிற ஒவ்வொரு நாளும் இரண்டு உயிரைப் பணயம் வைத்து ஆடுகிற சூதாட்டமென்றே சொல்லுவோம்.

"கோவிலுக்குப் போய்க் குணமானவர்கள் இல்லையா?"

இந்த ஆக்ஷேபணையை நாம் ஒதுக்கிவிட்டுப் போக விரும்பவில்லை. குணமானவர்கள் உண்டு. இந்த நோய் சிலருக்கு ஏறியும் இறங்கியும் வருகிற சுபாவமுடையது. ஏறியிருக்கும்போதுதான் கோவிலுக்குக் கொண்டுபோகிறார்கள். தானாக இறங்கும்போது கோவிலில் இருக்கிறான். பெயர் சாமிக்குப் போகிறது. மறுபடி ஏறும்போது மாத்திரம் "நேர்த்திக்கடன் பாக்கி" என்கிறார்கள்.

தமிழ்நாட்டுக் கோவில் ஒன்றில் தங்கிய 31 நோயாளிகளை டாக்டர்களே நேரில் இருந்து பரிசோதித்து, 2002ல் இங்கிலாந்து வைத்தியப் பத்திரிகை ஒன்றில் எழுதியிருக்கிறார்கள். சராசரி ஆறு வாரம் தங்கியவர்களுக்கு நோயின் குறிகள் நூற்றுக்கு 20 பங்கு வரையில் குறைந்திருந்தன என்கிறார்கள். வைதீகர்கள் இதை எடுத்துக் காட்டுவார்களானால் முழுவதையும் எடுத்துக் காட்டட்டும். அங்கே பேயோட்டுவதோ, மந்திரிப்பதோ, விசேஷமான சடங்கோ ஒன்றுமில்லை. நோயாளியும் வீட்டார் ஒருவரும் கூடத் தங்கி, சின்னச் சின்ன வேலை செய்து, யாராலும் பரிகாசம் செய்யப்படாமல் இருந்தார்கள் என்பதுதான் கண்டது. அங்கே போகாமல் அதே மாதிரி இருந்தவர்களோடு ஒப்பிட்டுப் பார்த்ததுமல்ல அது. ஆகவே அங்கே வேலை செய்தது எதுவாயிருக்கலாம்? அடியில்லாத, ஏச்சில்லாத, பக்கத்தில் ஒரு மனிதர் உள்ள இடம். அந்த இடத்தை நம் வீட்டுத் திண்ணையிலேயே ஏன் உண்டாக்கக்கூடாது என்றுதான் கேட்கிறோம். அதோடு மருந்தும் சேர்ந்தால் 20 பங்கோடு நிற்கவேண்டிய அவசியமென்ன?

நமது பெரியவர்கள் அம்மை வந்தால் மாரியாத்தாள் கோபம் என்றார்கள். கூழ் ஊற்றினார்கள், தீ மிதித்தார்கள். பல நூறு வருஷம் ஊற்றியும் போகாத பெரியம்மை, ஊசி குத்தியதில் 1977ல் இந்தியாவை விட்டும், 1980ல் உலகத்தை விட்டுமே ஒழிந்ததாய் முடிவு செய்யப்பட்டது. இன்று பெரியம்மைக்கு யாராவது மண்டலம் கணக்கிடுகிறார்களா? காரணம் தெரியாத வரையில் எந்த நோய்க்கும் ஒரு தெய்வம் இருக்கும். காரணமும் மருந்தும் தெரிந்தால் தெய்வம் தானாக வேறு இலாகாவுக்கு மாறிக்கொள்ளும்.

இதில் நமது நாட்டுச் சரக்கு, அயல்நாட்டுச் சரக்கு என்கிற வாதமும் நமக்கில்லை. சர்ப்பகந்தி என்கிற நமது மூலிகை வேரைக் கல்கத்தா வைத்தியர்கள் இருவர் பைத்தியத்துக்குக் கொடுத்துப் பார்த்து 1931ல் எழுதினார்கள். பிறகு உலகமே அதை எடுத்துப் பரீட்சித்தது. 1952ல் பாரிஸில் குளோர்ப்ரொமசின் என்கிற மருந்து கொடுத்துப் பார்த்தார்கள். அது அதைவிட மேலாயிருக்கவே, வேரை விட்டு மருந்தைப் பிடித்துக்கொண்டார்கள். பரீட்சையில் தேறியதை எடுத்துக்கொள்ளுவதும், தேறாததை விடுவதுந்தான் அறிவுக்கு அடையாளம். வேப்பிலையும் சாட்டையும் எந்தப் பரீட்சையில் தேறின?

சங்கிலி எந்த மதத்துச் சங்கிலி?

இந்த விஷயத்தில் ஒரு மதத்தை மாத்திரம் நாம் சொல்லுவதாய் யாரும் நினைக்க வேண்டியதில்லை. குணசீலத்துக்குப் பெருமாளைத் தேடிப் போகிறார்கள். புளியம்பட்டிக்கு அந்தோணியாரைத் தேடிப் போகிறார்கள். ஏர்வாடிக்குத் தர்காவைத் தேடிப் போகிறார்கள். இந்துவின் பிள்ளை தர்காவிலும், முஸ்லிமின் பிள்ளை சர்ச்சிலும் கிடப்பதைப் பார்த்து மத ஒற்றுமை என்று சந்தோஷப்படுகிறவர்களும் உண்டு. துன்பத்திலாவது ஒற்றுமையிருக்கிறதே என்று நாமும் சந்தோஷப்படலாம். ஆனால் 2001ம் வருஷம் ஆகஸ்டு 6ந் தேதியை மறந்துவிட்டுச் சந்தோஷப்பட முடியவில்லை. அன்று விடியற்காலம் ஏர்வாடியில் தனியார் நடத்திவந்த மனநோயாளிகள் விடுதியின் கொட்டகையில் தீப்பிடித்தது. சங்கிலியால் கட்டிப்போடப்பட்டிருந்த நோயாளிகளால் எழுந்து ஓட முடியவில்லை. 28 பேர் மாண்டுபோனார்கள். அவர்களைக் கொன்றது தீ மாத்திரமல்ல. அவர்களை அங்கே கொண்டுவந்து சேர்த்த நம்பிக்கையும், அந்த நம்பிக்கையைக் கூலிக்கு விற்ற வியாபாரமும், அதைப் பார்த்தும் பாராமலிருந்த சர்க்காருந்தான் என்போம். சுப்ரீம் கோர்ட்டு தானாகவே அதை வழக்காக எடுத்துக்கொண்ட பிறகே அதிகாரிகளுக்குக் கண் திறந்தது. 2017ல் செய்யப்பட்டு 2018 மே 29ந் தேதி அமுலுக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டப்படி, மனநோயாளியை எந்த விதத்திலும் சங்கிலியால் பிணைக்கக்கூடாது.

ஏர்வாடி தர்காவுக்கு வருகிறவர்களுக்கு அங்கேயே டாக்டர் பார்த்து மருந்து கொடுக்கிற ஏற்பாட்டைச் சர்க்கார் பின்னால் செய்தது. "பிரார்த்தனையும் இருக்கட்டும், மருந்தும் இருக்கட்டும்" என்பது அதன் கருத்து. இதைப் பகுத்தறிவுக்காரர்கள் ஒப்பலாமா என்று சிலர் கேட்கக்கூடும். நமக்கு அந்தப் பிரார்த்தனையில் ஒரு நம்பிக்கையுமில்லை. ஆனால் ஆயிரக்கணக்கான பேர் கூடுகிற வாசலில் ஒரு டாக்டர் உட்கார்ந்தால் நோயாளிக்கு லாபமா நஷ்டமா என்பதே கேள்வி. லாபமென்றால் வரவேற்க வேண்டியதுதான். நாம் வேண்டுவது ஒன்றே: பிரார்த்தனைக்குப் பிறகு மருந்து என்று தவணை போடாமல், முதல் நாளே மருந்து கிடைக்கவேண்டும்.

கலியாணம் என்கிற மருந்து

மந்திரவாதியை விடக் கொடிய வைத்தியம் ஒன்று உண்டு. அதுதான் கலியாணம். "ஒரு கால்கட்டுப் போட்டால் எல்லாம் சரியாய்ப் போய்விடும்" என்று பெரியவர்கள் கூடிப் பேசி, நோயை மறைத்து, ஒன்றுமறியாத ஒரு பெண்ணைக் கொண்டுவந்து கட்டிவைக்கிறார்கள். நோய் கலியாணத்துக்குப் பயப்படுமா? சில மாதத்தில் மறுபடி கிளம்புகிறது. உடனே "இவள் கால் வைத்த வேளை" என்று பழி அவள் பேரில் விழுகிறது. நோய் பெண்ணுக்கானாலோ அநியாயம் இரட்டிப்பாகிறது. பெண்ஜாதிக்கு நோய் என்று தெரிந்தவுடன் புருஷன் தாய்வீட்டில் கொண்டுவந்து விட்டுவிட்டு வேறு கலியாணத்துக்குப் பந்தல் போடுகிறான். ஜீவனாம்சமுமில்லை, பிள்ளையுமில்லை, மருந்துமில்லை. புருஷனுக்கு நோயென்றால் பெண்ஜாதி ஆயுள் முழுவதும் தாதி. பெண்ஜாதிக்கு நோயென்றால் புருஷன் புதுமாப்பிள்ளை! இதுதான் நமது குடும்ப தர்மத்தின் யோக்கியதை. கலியாணம் மருந்தல்ல. சொந்தப் பிள்ளைக்கு மருந்தாக அடுத்த வீட்டுப் பெண்ணை அரைத்துக் கொடுக்க எவருக்கும் உரிமையுமில்லை.

குற்றம் பாமரர் பேரில் மாத்திரமா?

நிற்க, இவ்வளவையும் படித்துவிட்டு "பட்டிக்காட்டு ஜனங்களின் மூடத்தனம்" என்று பட்டணத்துப் படிப்பாளிகள் கைகொட்டிச் சிரிப்பார்களானால் அது பெரிய தவறு. மந்திரவாதி தெருவிலேயே இருக்கிறான். கூப்பிட்ட நேரத்துக்கு வருகிறான். நோயாளியின் தாயோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசுகிறான். மனநோய் டாக்டரோ இந்த தேசத்தில் லட்சம் ஜனங்களுக்கு ஒருவர்கூட இல்லை. இருப்பவர்களிலும் பெரும்பாலோர் பட்டணங்களில். கிராமத்தான் ஒரு நாள் கூலியை விட்டு, கட்டுக்கடங்காத பிள்ளையைப் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு, ஜில்லாத் தலைநகருக்குப் போய், வரிசையில் நின்று, ஐந்து நிமிஷம் டாக்டர் முகத்தைப் பார்த்துவிட்டு வந்தால், அடுத்த மாதமும் அதே யாத்திரை. மருந்து தீர்ந்துவிட்டது, அடுத்த வாரம் வா என்றால், அந்த ஒரு வாரத்தில் என்ன நேருமோ யார் கண்டது?

1794ல் சென்னையில் துவங்கி, 1871ல் கீழ்ப்பாக்கத்துக்கு மாறிய பைத்தியக்கார ஆஸ்பத்திரியின் பெயரையே ஊரார் வசவுச் சொல்லாக்கிவிட்டார்கள். தேசீய மனநலத் திட்டம் 1982ல் ஏற்பட்டது. அதை ஜில்லாக்களுக்குக் கொண்டுபோகிற திட்டம் 1996ல் துவங்கிற்று. சட்டமோ, சர்க்கார் செலவில் வைத்தியம் பெறுவதை ஒவ்வொருவருக்கும் உரிமையாக்கியிருக்கிறது. அத்தியாவசிய மருந்துகளை வட்டார மட்டத்து ஆஸ்பத்திரி முதற்கொண்டு இலவசமாகக் கொடுக்கவேண்டுமென்கிறது. காகிதத்தில் இவ்வளவு இருந்தும் நாலில் மூன்று பேருக்கு வைத்தியமில்லையென்று சர்க்கார் ஏற்பாட்டில் எடுத்த கணக்கே சொல்லுமானால், அந்தக் காகிதத்துக்கும் மந்திரவாதியின் தாயத்துக்குள்ளிருக்கும் தகட்டுக்கும் என்ன வித்தியாசம்?

முடியாத காரியமா என்றால் இல்லை. சென்னையில் டாக்டர் சாரதா மேனன் அவர்கள் 1984ல் ஏற்படுத்திய ஸ்கார்ஃப் என்னும் ஸ்தாபனம், 2010 முதல் புதுக்கோட்டை ஜில்லாக் கிராமங்களுக்கு ஒரு பஸ்ஸை அனுப்பி, அதிலிருந்தபடியே சென்னை டாக்டர் திரையில் நோயாளியோடு பேசவும், மருந்தை அங்கேயே கொடுக்கவும் செய்து காட்டியிருக்கிறது. தமிழ்நாடு, கோவா, மராட்டியம் ஆகிய மூன்று இடங்களில் நடத்தி 2014ல் வெளியான பரீட்சையில், டாக்டர் வைத்தியத்தோடு, பயிற்சி பெற்ற சாதாரண ஊழியர்களும் வீடு தேடிப் போய்ப் பார்த்த நோயாளிகள், ஆஸ்பத்திரியில் மாத்திரம் பார்க்கப்பட்டவர்களைவிடச் சற்று மேலான குணமடைந்தார்கள்.

நார்வே தேசத்தில் பேயுமில்லை, மண்டலமுமில்லை. ஆனாலும் ஒரு ஜில்லாவில் நோய் கண்டு வைத்தியம் ஆரம்பிக்க நடுத்தரமாய் 26 வாரம் ஆகிக்கொண்டிருந்தது. 1997 முதல் பத்திரிகைகளிலும் பள்ளிக்கூடங்களிலும் நோயின் குறிகளைப் பிரசாரம் செய்து, கூப்பிட்டவுடன் ஓடிவர ஆள்களையும் வைத்தார்கள். தாமதம் 5 வாரமாய்க் குறைந்தது. பிரசாரத்தை நிறுத்தினார்கள், தாமதம் மறுபடி ஏறிவிட்டது. இதிலிருந்து நாம் தெரிந்துகொள்ளுவது இரண்டு. ஒன்று, மூடநம்பிக்கை மாத்திரமல்ல, அறியாமையும் காலத்தைத் தின்னுகிறது. இரண்டு, ஒரு தடவை சொல்லிவிட்டு ஓய்ந்துவிடுகிற பிரசாரம் பிரசாரமல்ல.

நமது தோழர்கள் செய்யவேண்டியது

ஆகையால் நமது தோழர்களுக்குச் சொல்லிக்கொள்ளுவது என்னவென்றால், பிள்ளைக்கு நோய் வந்து திகைத்து நிற்கிற தாயிடம் போய்ப் பேயில்லை என்று தர்க்கம் செய்து ஜெயிப்பதில் ஒரு பெருமையுமில்லை. அவளுக்கு வேண்டியது வாதமல்ல, துணை. "நாளைக் காலை பஸ்ஸுக்கு நான் கூட வருகிறேன், புறப்படுங்கள் அம்மா" என்று சொல்லுகிற ஒரு ஆள், நூறு பொதுக்கூட்டத்துக்குச் சமானம். அவள் நெற்றியில் திருநீறோடு வந்தாலும் சரி, பிள்ளையின் கையில் மந்திரித்த கயிறு இருந்தாலும் சரி, முதலில் பஸ் ஏறட்டும். தூக்கமின்மை, வீண் சந்தேகம், தனியாய்ப் பேசுவது ஆகிய குறிகள் இரண்டு வாரம் நீடித்தாலே டாக்டரிடம் காட்ட வேண்டும். பிரசவித்தவளுக்கோ, காய்ச்சலோடு சேர்ந்தோ, உயிரை மாய்த்துக்கொள்ளும் பேச்சோடோ வந்தால் அன்றைக்கே போகவேண்டும். எங்கே போவதென்று தெரியாதவர்கள் 14416 என்கிற டெலிபோன் எண்ணைக் கூப்பிட்டுக் கேட்கலாம். 2022 அக்டோபர் 10ந் தேதி இதற்கென்றே சர்க்காரால் ஏற்படுத்தப்பட்டது.

மருந்து ஒரு நாளில் பேசாது. சில வாரங்கள் வேண்டும். கை நடுங்குவது, உடம்பு விறைப்பது, தூக்கமாய் வருவது, உடல் பருப்பது போன்ற தொல்லைகள் உண்டு. அவற்றை டாக்டரிடம் சொல்லி மாற்றிக்கொள்ள வேண்டுமேயல்லாமல் தாமாக நிறுத்திவிடக்கூடாது. 2012ல் 65 பரீட்சைகளைத் தொகுத்துப் பார்த்ததில், மருந்தைத் தொடர்ந்தவர்களில் ஒரு வருஷத்துக்குள் நோய் திரும்பியது 100க்கு 27 பேருக்கு. நிறுத்தியவர்களில் 64 பேருக்கு. இந்த இரண்டு எண்ணையும் மருந்துப் பெட்டியின் மேல் எழுதி ஒட்டி வைக்கலாம்.

கடைசியாக ஒன்று. "பைத்தியம்" என்ற வார்த்தையை வசவாய் உபயோகிப்பதை நாம் விட்டுவிட வேண்டும். வெட்கத்தினாலேயே நோயை மறைக்கிறார்கள். மறைப்பதினாலேயே காலம் போகிறது. காசநோய் வந்தவனைப் பார்த்து நாம் சிரிப்பதில்லை. அறிவு தடுமாறியவனைப் பார்த்துச் சிரிக்கிற ஊரில், அறிவு தடுமாறாதவர்கள் யார் என்பது நமக்கு விளங்கவில்லை. உங்கள் ஊரிலுள்ள அந்த மூன்று பேரில் ஒருவரையாவது இந்த மாதம் முடிவதற்குள் டாக்டரிடம் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டுமாய்க் கேட்டுக்கொள்ளுகிறோம்.